பிறை தேயும்வரை காத்திருந்த வற்றாளை

ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் மட்டக்களப்பின் களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணல் தோட்டங்களில் வற்றாளைக் (சர்க்கரைவள்ளிக் கிழங்குக்) கொடி வைக்கும் பேச்சு தொடங்கிவிடும். விவசாயப் போதனாசிரியராக அங்கு போய் "இன்னும் வைக்கல்லையா?" என்று கேட்டால், பல வளவுகளில் ஒரே பதில்தான்: "பிறை தேயட்டும் மனே. வளர்பிறையில வைச்சா எல்லாம் இலையாத்தான் போகும்."

ஒரு பெரியவர் அப்படித்தான் இரண்டு கிழமை காத்திருந்தார். தேய்பிறையும் வந்தது, கூடவே அடைமழையும் வந்தது. பாத்தி கணுக்கால் உயரம்கூட இல்லை. மாசியில் தோண்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். மேட்டுப்பக்கம் கையளவு கிழங்குகள். தண்ணீர் நின்ற தாழ்ந்த பக்கத்தில் பென்சில் தடிப்பில் வெறும் வேர். "நாள் பார்த்துத்தானே வைச்சன்" என்றார், மண்ணைத் தட்டிக்கொண்டே.

கொடி வைத்த முதல் ஐந்தாறு கிழமைக்குள்தான் எந்த வேர் கிழங்காகப் பருக்கும் என்பது முடிவாகும். அப்போது மண்ணுக்குள் காற்று வேண்டும். வேரடியில் தண்ணீர் தேங்கினால் அது கிழங்காகத் திரளாது.

'கடலையே இழுக்கிற சந்திரன் செடிச் சாற்றை இழுக்காதா?' என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கடல் பெரிதாக ஏறுவது பறுவத்திலும் அமாவாசையிலும், இரண்டிலும்தான். அந்தக் கணக்கில் வளர்பிறைக்கு ஒரு குணம், தேய்பிறைக்கு ஒரு குணம் என்று பிரிக்க முடியாது. ஜெர்மனியில் மரியா தூன் என்ற பெண்மணி 1950களிலிருந்து வேறு கணக்குப் போட்டார். சந்திரன் இடபம், கன்னி, மகரத்தில் நிற்கும் நாட்கள்தான் அவருக்குக் கிழங்கு நாட்கள், பிறை வளர்ந்தாலும் சரி, தேய்ந்தாலும் சரி. இரண்டு கணக்கையும் ஒரே பாத்தியில் வைத்தால் யார் சொல்வதைக் கேட்பது?

இலையாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் யூரியாப் பைக்குள் இருக்கிறது. கொடி பச்சையாக ஓட வேண்டுமென்று அள்ளிப் போட்டால் ஓடத்தான் செய்யும், கீழே ஒன்றும் இருக்காது. கிழங்கு பருக்கப் பொட்டாஷ் வேண்டும். அதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சரி, தேய்பிறையை விட மனம் வரவில்லையா, விடவேண்டாம். காத்திருக்கும் நாட்களில் மண்வெட்டியை எடுத்துக் கொடி வைக்கும் வரம்பை ஒரு அடிக்கு உயர்த்துங்கள், வாய்க்காலைத் தாழ்ந்த பக்கம் வெட்டிவிடுங்கள். கொடியின் நுனித்துண்டையே நடுங்கள். அடிக்கொடியில் கூன்வண்டு முட்டையோடு வந்துவிடும். மழை ஓய்ந்து மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் வண்டு கிழங்குக்குள் இறங்கும், அதனால் மண் அணைக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பெரியவர் அடுத்த வருடமும் தேய்பிறையில்தான் வைத்தார். வரம்பு மட்டும் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.