கெர்னல் எச்சரிக்கையை அடக்குவதற்கு முன்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. புதியவர்கள் அனுப்பும் திருத்தங்களில் எனக்கு மிகுந்த கவலை தருபவை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ், டான் கார்பென்டரின் ஸ்மேட்ச் போன்ற, நிரலை இயக்காமலே ஆராயும் பகுப்பாய்வுக் கருவிகள் காட்டிய எச்சரிக்கையைப் போக்கிவிட்டு, அது எதைச் சொல்ல வந்தது என்று பாராமல் விட்டவையே.

அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சாதனம் செயலியின் கவனத்தை ஈர்க்க அனுப்பும் சைகையான இன்டரப்டின் எண்ணைப் பெற்றுத் தரும் ஃபங்ஷன், எண் கிடைக்காவிட்டால் பிழைக்குறியீடாக எதிர்ம எண் ஒன்றைத் திருப்பித் தரும். டிரைவரை எழுதியவர் அதைக் குறியற்ற முழு எண் மாறியில் வாங்கி, அடுத்த வரியில் அது சுழியத்தைவிடக் குறைவா என்று சோதிக்கிறார். குறியற்ற மாறி சுழியத்துக்குக் கீழே போகவே முடியாது என்பதால், இந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது என்று ஸ்மேட்ச் சொல்கிறது. அதைப் படித்தவர், பயனற்ற வரி என்று எண்ணிச் சோதனையையே நீக்கிவிடுகிறார். எச்சரிக்கை மறைந்துவிடுகிறது, பிழைக்குறியீட்டை உண்மையான எண்ணாக எடுத்துக்கொள்ளும் பிழையோ அப்படியே இருக்கிறது, அது இருப்பதற்கான ஒரே தடயம்தான் அழிந்தது. செய்யவேண்டியிருந்தது மாறியின் வகையை மாற்றுவது மட்டுமே. சரியான திருத்தம், தவறான திருத்தம் இரண்டுமே கருவியை ஒரே மாதிரி மௌனமாக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

சோதிப்பதற்கு முன்பே பாயிண்டரை (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை) பயன்படுத்திவிட்டீர்கள் என்னும் எச்சரிக்கையும் பலரைக் குழப்புகிறது. 2009இல், மெய்நிகர் வலையமைப்புச் சாதனத்துக்கான டன் (TUN) டிரைவரில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறை இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு பாயிண்டரின் உள்ளிருக்கும் உறுப்பை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பாயிண்டர் வெற்றா, அதாவது சுழிய முகவரியைக் கொண்டதா என்று அந்த நிரல் சோதித்தது. ஏற்கெனவே படித்தாயிற்று என்றால் அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவு செய்த, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. நினைவகத்தின் சுழிய முகவரியில் தம் தரவை வைக்க முடிந்தவர்களுக்கு அது கெர்னலுக்குள் நுழையும் வழியாயிற்று. வெற்றுப் பாயிண்டர் சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் தேர்வு, இதைத் தொடர்ந்தே கெர்னலின் தொகுப்பில் சேர்க்கப்பட்டது.

இவ்வகை எச்சரிக்கை, நிரலுக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதை மட்டுமே காட்டுகிறது. எது தவறு என்று அது சொல்வதில்லை. ஆகவே அது சுட்டும் வரியை அல்ல, அந்த வரியின் வரலாற்றையே நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) கருவியில் நான் முதலில் தேடுகிறேன். சோதனை முதலில் வந்ததா, பயன்பாடு முதலில் வந்ததா, யாருடைய எந்த மாற்றம் இரண்டையும் மோதவிட்டது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதன்பின், இந்த ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் வெற்றுப் பாயிண்டர் வர வழியுண்டா என்று பார்க்க வேண்டும். எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்பதைக் கொண்டு ஸ்மேட்ச் கட்டும் தரவுத்தளம் இதற்கு உதவும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் அழைப்புச் சங்கிலியில் ஒரு படிதான் கூடுதலாக அறியும் என்பதால், அதைப் பலமுறை கட்டிய பிறகே அதன் விடையை நான் நம்புகிறேன்.

பொய்யான எச்சரிக்கைகளும் உண்டு. ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டான லாக்கை நிபந்தனையைப் பொறுத்துப் பிடிக்கும் ஃபங்ஷனில், பிடித்ததும் விட்டதும் சமமாக இல்லை என்று ஸ்பார்ஸ் முறையிடும். உண்மையில் எல்லா வழியும் சரியாகவே இருக்கலாம். அதற்காக நிரலை வளைப்பதை நான் ஏற்பதில்லை. முன்பு, மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லை என்ற எச்சரிக்கையை அடக்குவதற்கென்றே கெர்னலில் ஒரு மேக்ரோ (சுருக்கக் கட்டளை) இருந்தது. உண்மையான பிழைகளையும் அது மறைத்ததால் 2020இல் அதை முழுவதுமாக அகற்றினார்கள்.

திருத்தம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விளக்கக் குறிப்பில் எச்சரிக்கையின் வாசகத்தை ஒட்டுவதோடு நிறுத்தாமல், எந்த வழியாகச் சென்றால் அந்தப் பிழை நிகழும் என்பதையும், நிகழாது என்றால் ஏன் நிகழாது என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.