அப்டேட்டே வராத கணினிக்கு ஓர் அப்டேட்

சித்தப்பா வீட்டுக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7தான். ஒருநாள் மதியம் போன் செய்தார்.

"குரோம் பழசாயிருச்சாம்டா. அப்டேட் பண்ணச் சொல்லுது, அமுக்கட்டுமா?"

"எங்க சொல்லுது சித்தப்பா?"

"நடு ஸ்கிரீன்லதான். நீலமா ஒரு பட்டன்."

"அதுக்கு முன்னாடி என்ன பாத்துட்டிருந்தீங்க?"

"வத்தக்குழம்பு."

தொடாமல் மூடிவிட்டு, அதே பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். "இப்ப காணோம்டா, குழம்புதான் இருக்கு" என்றார். போலி என்பதற்கு அதுவே பாதி சாட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிரவுசர் ஜன்னலில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே டேப்கள், முகவரிப் பட்டை, மூன்று புள்ளி மெனு. இவை பிரவுசரின் சொந்த வீடு. அதற்குக் கீழே இருப்பது இணையதளத்துக்கு வாடகைக்கு விட்ட அறை. குடிவந்தவர் அறைச் சுவரில் எதை வேண்டுமானாலும் வரையலாம், கூகுளின் லோகோவையும் நீலப் பட்டனையும் சேர்த்து. ஆனால் கூரை ஓட்டை மாற்ற அவரால் முடியாது. வத்தக்குழம்புப் பக்கத்துக்கு குரோமைப் புதுப்பிக்கும் அதிகாரம் கிடையாது.

அப்படியானால் சித்தப்பா குரோம் வைத்திருப்பது அந்தப் பக்கத்துக்கு எப்படித் தெரிந்தது? பிரவுசரே சொல்லிவிடுகிறது. ஒரு தளத்தைக் கேட்கும்போதெல்லாம் தன் பெயர், பதிப்பு, ஓடுவது விண்டோஸிலா என்பதையும் சேர்த்து அனுப்புவது அதன் வழக்கம். அதைப் பார்த்துத்தான் ஒரே போலிப் பக்கம் ஆளுக்குத் தகுந்தாற்போல் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என வேஷம் மாற்றிக்கொள்கிறது.

சமையல் தளம் நடத்துபவரைத் திட்டிப் பயனில்லை, பெரும்பாலும் அவரும் ஏமாந்தவர்தான். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் புதுப்பிக்காத ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) அல்லது திருடுபோன ஒரு கடவுச்சொல் போதும், யாரோ உள்ளே புகுந்து இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரியைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வகையில் பேர்போனது சாக்கோலிஷ் என்ற போலி அப்டேட் மோசடி. 2018-லிருந்தே ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். செருகிய நிரல் வருகிற எல்லோருக்கும் பல்லைக் காட்டாது. விண்டோஸ்தானா, இந்த ஆள் புதிதா, தளத்தின் நிர்வாகியாக இருக்குமோ என்று எடைபோட்டுவிட்டுத்தான் படம் காட்டும். ஒரு முறை காட்டியவருக்கு மறுமுறை காட்டாது. சித்தப்பா திரும்பத் திறந்தபோது வெறும் குழம்பு மட்டும் இருந்தது அதனால்தான். புகார் சொன்னால், "எங்க தளத்துல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று உரிமையாளர் சொல்வது பொய்யல்ல. அவருக்கு அது தெரியவே தெரியாது.

பட்டனை அமுக்கினால் இறங்குவது பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பு, அதற்குள் .js என்று முடியும் ஒரு கோப்பு. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வால்பெயரை மறைத்துவிடுவதால் 'அப்டேட்' என்ற முன்பெயர் மட்டுமே கண்ணில் படும். சூட்சுமம் இங்கேதான். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடும்போது கூண்டுப் புலி. உங்கள் கோப்புகளை அதனால் தொட முடியாது. அதே மொழியில் எழுதிய கோப்பை வெளியே இறக்கி இரட்டைச் சொடுக்கு போட்டால், அதை ஓட்டுவது பிரவுசர் அல்ல, விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட். அங்கே கூண்டு இல்லை, உங்களால் முடிந்ததெல்லாம் அதனாலும் முடியும். கூண்டின் கதவை நம் கையாலேயே திறக்க வைப்பதற்குத்தான் இத்தனை அலங்காரமும்.

ஓடியதும் அது கணினியின் பெயர், பயனர் பெயர், அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்த கணினியா என்பதை எல்லாம் தன் எஜமானுக்கு அனுப்பும். வீட்டுக் கணினி என்றால் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள் எதையாவது நிறுவிவிட்டுப் போகும். அலுவலகம் என்றால் பெரிய வேட்டை. 2020 ஜூனில் அமெரிக்காவில் 31 நிறுவனங்களுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வேஸ்டட்லாக்கரை ஏவ நடந்த ஏற்பாட்டை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக் அம்பலப்படுத்தியது. அதற்கும் நுழைவாசல் இதே போலி அப்டேட்தான்.

நிஜ அப்டேட் இவ்வளவு ஆரவாரம் செய்யாது. குரோமின் அப்டேட்டர் என்ற தனி நிரல் பின்னணியில் புதுப் பதிப்பை இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, பழைய பதிப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடும். அடுத்த முறை பிரவுசரை மூடித் திறக்கும்போது புதியது ஓடும். நமக்குத் தெரிவதெல்லாம் மேலே வலது மூலையில், மெனு பக்கத்தில், ஒரு சின்ன அறிவிப்பு.

ஆனால் சித்தப்பாவின் கவலை காற்றில் வந்ததல்ல. விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் கிடைத்த கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். இனி அப்டேட் கிடையாது என்று குரோமே மேல்பட்டையில் எச்சரித்திருக்கிறது. அந்த நிஜ எச்சரிக்கையால் பயந்திருப்பவரிடம் போலி வந்து மருந்து நீட்டுகிறது. திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

இதையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம் என்று தோன்றியது. "சித்தப்பா, உங்க குரோமுக்கு இனிமே அப்டேட்டே வராது. அதனால வர்றது எல்லாமே பொய்" என்றேன். பழைய கணினிக்காரருக்குக் கிடைத்த ஒரே சலுகை இது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை, மெனுவில் உதவி, பிறகு 'கூகுள் குரோம் பற்றி' என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற வேறு இயங்குதளம் போட்டுவிடலாமா என்றேன், ஜாதக மென்பொருள் ஓடாது என்று மறுத்துவிட்டார். வங்கி வேலையைப் போனுக்கு மாற்றினோம். அடுத்த ஞாயிறு போய், கோப்புகளின் வால்பெயர் தெரியும்படி செய்தேன். பிறகு .js கோப்பைத் திறக்கும் நிரலை நோட்பேடாக மாற்றினேன், இனி இரட்டைச் சொடுக்கு போட்டாலும் அது ஓடாது, வெறும் எழுத்தாகத்தான் திறக்கும். ஒரு வெற்று உரைக் கோப்புக்கு .js என்று பெயரிட்டு, வலது சொடுக்கில் 'ஓப்பன் வித்' போய் நோட்பேடை நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கிரிப்டுக்குப் பதில் .exe வந்தால் இது உதவாதுதான். 'விண்டோஸ் + ஆர் அமுக்கி இந்தக் கட்டளையை ஒட்டு' என்று சொல்லும் புது வகைப் பக்கங்களிடமும் பலிக்காது. அவற்றுக்கு வாய்மொழி எச்சரிக்கைதான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். "ஏதோ அப்டேட்டுனு வந்துச்சுடா, கை தவறி அமுக்கிட்டேன். நோட்பேடுல ஒரே கிறுக்கலா வருது."

"பரவால்ல சித்தப்பா. மூடிட்டு, ஃபைலை அழிச்சிருங்க."

"நீ சொன்ன பொய் இதானா?"

"இதேதான்."