பிள்ளைக்கு என்ன கிடைக்கும், எந்தக் கந்தோருக்குப் போகோணும்: வன்னியில இருக்கிற தாய் தேப்பனுக்கு

போன கிழமை முழங்காவில்ல இருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்தவ. மகளுக்கு 4 வயசு, இன்னும் வடிவாக் கதைக்கேல்லை. "அக்கா, எங்களுக்கு அஸ்வெசும காசு வருது, அதால பிள்ளைக்கு வலுவிழந்தோர் காசு கேக்க ஏலாதாம் எண்டு பக்கத்து வீட்டில சொல்லிச்சினம், உண்மையோ?" எண்டு கேட்டவ. உண்மை இல்லை. இதே கேள்வியை நான் ஒட்டுசுட்டான்லயும் கேட்டிருக்கிறன், மல்லாவிச் சந்தையில நிண்டும் கேட்டிருக்கிறன், அதால தான் எனக்குத் தெரிஞ்சதை ஒரே இடத்தில எழுதி வைப்பம் எண்டு இருந்தனான். என்ர மகனுக்கு வாசிக்கிறது எழுதுறது சரியான கஷ்டம், இப்ப 9ம் வகுப்பு. அவனைக் கூட்டிக்கொண்டு கந்தோர் கந்தோரா அலைஞ்ச ஆள் நான்.

முதல்ல ஒண்டை விளங்கிக் கொள்ளுங்கோ. காசு ஒரு வாசல், ஆஸ்பத்திரி இன்னொரு வாசல், பள்ளிக்கூடம் வேற, சோதினைச் சலுகை வேற. ஒரு இடத்தில இல்லை எண்டு சொன்னா மற்ற இடத்திலயும் இல்லை எண்டு நினைச்சுக் கன பேர் வீட்டில இருந்திடுகினம், அதைத் தான் செய்யக் கூடாது.

காசை முதல் சொல்லுறன். அஸ்வெசும எண்டது குடும்பத்தின்ர நிலைமையைப் பாத்து அரசாங்கம் குடும்பத்துக்குக் குடுக்கிற உதவிக் காசு. வலுவிழந்தோர் கொடுப்பனவு அந்த ஆளுக்கெண்டு தனியாக் குடுக்கிறது, சின்னப் பிள்ளையளுக்கும் கேக்கலாம். 2024 தொடக்கத்தில இருந்து மாசம் 7,500 ரூபா, பிறகு 2025ம் ஆண்டு பட்ஜெட்டோட ஏப்ரல் மாசத்தில இருந்து 10,000 ஆக்கினவை. ரெண்டும் ஒரே வீட்டுக்கு வரலாம். ஆனா வீட்டு வருமானத்தையும் பிள்ளையின்ர ஏலாமை எவ்வளவு எண்டதையும் பாத்துத் தான் முடிவெடுப்பினம், அதோட கன இடத்தில பேர் லிஸ்டில ஏறிக் காத்திருக்கவும் வேணும். என்ர மகன் மாதிரி வாசிப்பில மட்டும் கஷ்டப்படுற பிள்ளைக்கு இந்தக் காசை நம்பி இருக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்குத் தேவை பள்ளிக்கூட வாசலும் சோதினை வாசலும் தான், அதைப் பிறகு சொல்லுறன்.

கேக்கிற முறை இது தான். ஜி.எஸ், அதான் கிராம சேவகர், கந்தோரில நிக்கிற நாளை விசாரிச்சிட்டுப் போய் சொல்லுங்கோ, அங்கயிருந்து பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பாக்கச் சொல்லுவினம். பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ், உங்கட அடையாள அட்டை, பாங்க் புத்தகம், அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் எழுதின ரிப்போர்ட், எல்லாத்திலயும் மூண்டு மூண்டு போட்டோக்கொப்பி. பாங்க் கணக்கு ஆற்ர பேரில வேணும் எண்டதை ஃபோம் வாங்கேக்கயே கேட்டிடுங்கோ, இல்லாட்டி இன்னொருக்கா பஸ் பிடிச்சு வரவேணும். ஃபோம் குடுத்த தேதியையும் ஆரிட்டக் குடுத்தனீங்கள் எண்டதையும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா போய் என்ன நிலைமை எண்டு கேளுங்கோ, கேக்கிறது உங்கட உரிமை, கெஞ்சிக் கேக்கத் தேவையில்லை. இடையில நிண்டு "நான் செய்து தாறன், இவ்வளவு தாங்கோ" எண்டு ஆரும் வந்தா ஒரு ரூபாவும் குடுக்காதேங்கோ.

இதில எங்கட பக்கத்துக்கெண்டு ஒரு சிக்கல் இருக்கு. இப்ப சின்னப் பிள்ளை வச்சிருக்கிற கன தாய்மார் 2009ல தாங்களே பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளையள், படிப்பு அப்பிடியே அந்தரத்தில நிண்டது, செட்டிகுளம் முகாமில மரத்துக்குக் கீழ படிச்சவை. சான்றிதழுகளும் போச்சு. ஃபோமைக் கண்டாலே அவைக்குக் கை நடுங்கும், எழுதத் தெரியாதெண்டு சொல்ல வெக்கமாயும் இருக்கும், அதனாலயே கந்தோர்ப் பக்கம் போகாமல் விடுகினம். அப்பிடி ஒருத்தர் உங்கட ஒழுங்கையில இருந்தா நீங்கள் கூடப் போங்கோ. தொலைஞ்ச பிறப்புச் சான்றிதழுக்கு பிரதேச செயலகத்தில பதிவாளர் பகுதியில கேட்டா பிரதி எடுக்கலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ரிப்போர்ட் இல்லாமல் ஒரு வாசலும் திறக்காது. பிள்ளை பிறக்கேக்க குடுத்த கார்ட் இருக்குத் தானே, ஊசி போட்ட விபரம் எழுதுற கார்ட், அதில எத்தினையாம் மாசத்தில இருக்கும், எப்ப நடக்கும், எப்ப கதைக்கும் எண்டெல்லாம் குறிக்க இடம் இருக்கு. ஊசி முடிஞ்சா கார்ட்டை அலுமாரிக்கு மேல போட்டிடுறது எங்கட பழக்கம், போடாதேங்கோ. குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் எண்டு சொல்லுற அக்கா, வீட்டுக்கு வரேக்க "பிள்ளை கூப்பிட்டாத் திரும்பிறேல்லை", "ரெண்டு வயசாகியும் ரெண்டு சொல் சேர்த்துக் கதைக்கிறேல்லை" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. "அவன்ர அப்பாவும் பிந்தித் தான் கதைச்சவர்" எண்டு மாமியார் சொல்லுறதைக் கேட்டு ரெண்டு வருஷத்தை விட்டிட்டு நிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். அவவில இருந்து எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கும் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கும் துண்டு தருவினம், கிளிநொச்சி, முல்லைத்தீவெண்டா மாஞ்சோலை, வவுனியா, மன்னார் எண்டு எது கிட்டவோ அங்க பிள்ளையள் கிளினிக்குக்கு. கை கால் விளங்காத பிள்ளையளுக்கு மாங்குளம் ஆஸ்பத்திரியில 2024ல புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு ஒண்டும் திறந்தவை, அதையும் டொக்டரிட்டக் கேளுங்கோ. பள்ளிக்கூடத்திலயும் 1, 4, 7, 10ம் வகுப்புப் பிள்ளையளை எம்.ஓ.எச் ஆக்கள் வந்து சோதிப்பினம், அண்டைக்குப் பிள்ளையை மறிச்சு வச்சிருக்காமல் அனுப்புங்கோ.

டொக்டருக்கு முன்னால கிடைக்கிறது கொஞ்ச நேரம், அதில பாதி பிள்ளை அழுது முடிஞ்சிடும். எனக்கு முதல் தரம் என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை, "படிப்பு ஏறுதில்லை டொக்டர்" எண்டு மட்டும் சொல்லிட்டு வந்தனான். பிறகு ஒரு நேர்ஸ் தங்கச்சி தான் சொன்னவ, ஒரு கொப்பி போட்டு ரெண்டு கிழமைக்கு அண்டண்டு கண்டதை அப்பிடியே எழுதிக் கொண்டு வாங்கோ எண்டு. "கவனம் இல்லை" எண்டு எழுதக் கூடாது, "கணக்குக் கொப்பி முன்னால அஞ்சு நிமிசம் இருந்தான், பிறகு எழும்பிப் போய் சைக்கிள் செயின் பூட்டினான், அதில முக்கால் மணித்தியாலம் இருந்தான்" எண்டு எழுத வேணும். அடுத்த தரம் டொக்டர் அந்தக் கொப்பியைத் தான் முதல் வாசிச்சவர்.

பள்ளிக்கூடக் கதைக்கு வருவம். இலங்கையில 5 வயசில இருந்து 16 வயசு மட்டும் கட்டாயக் கல்வி, முந்தி 14 ஆக இருந்ததை 2016ல 16 ஆக்கினவை. இது எல்லாப் பிள்ளைக்கும் தான். 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, வலுவிழந்த ஆக்களின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம், அதின்ர 23ம் பிரிவு ஏலாமையைக் காரணம் காட்டி பள்ளிக்கூட அனுமதியில பாகுபாடு காட்டக் கூடாதெண்டு சொல்லுது. சட்டம் தெரிஞ்சு கதைக்கிற தாய்க்கு ஒரு மரியாதை இருக்கு, அதுக்காகத் தான் நம்பரோட சொல்லுறன். என்ர மகனை 1ம் வகுப்புக்குக் கொண்டு போகேக்க ஒரு பள்ளிக்கூடத்தில "அடுத்த வருஷம் கொண்டு வாங்கோ, கொஞ்சம் தேறட்டும்" எண்டிச்சினம். நான் பேசாமல் திரும்பி வந்திட்டன், அந்த ஒரு வருஷத்தை இண்டைக்கும் நினைச்சா நெஞ்சு எரியும். நீங்கள் திரும்பி வராதேங்கோ. "ஏன் எடுக்கேல்லை எண்டதை எழுத்தில தாங்கோ" எண்டு அமைதியாக் கேளுங்கோ, தராட்டி வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கோ. துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, மன்னார், மடு எண்டு உங்கட வலயம் எதுவோ அங்க விசேட கல்விக்குப் பொறுப்பான ஒருத்தர் இருப்பார், அவரைப் பேர் சொல்லி அல்ல, அந்தப் பொறுப்பைச் சொல்லிக் கேளுங்கோ. உங்களுக்குக் கிட்ட எந்தப் பள்ளிக்கூடத்தில விசேட கல்வி அலகு, அதாவது இப்பிடியான பிள்ளையளுக்கெண்டு தனி வகுப்பு, இருக்கெண்டு அவரிட்டத் தான் சரியான பதில் கிடைக்கும். அலகில சேர்த்தா அந்த அறைக்குள்ளயே பிள்ளையை வச்சிருக்க வேணும் எண்டில்லை, சங்கீதம், சித்திரம், விளையாட்டுக்கு மற்றப் பிள்ளையளோட விடச் சொல்லிக் கேளுங்கோ.

வீட்டில என்ன செய்யிறதெண்டும் கேப்பீங்கள். நான் ரீச்சர் இல்லை, என்ர மகனோட இருந்து கண்டதைச் சொல்லுறன். அவனுக்கு "கொக்கு" எழுத வராது. கொம்பு, பிறகு க, பிறகு அரவு, மூண்டு துண்டா எழுதுறம், ஆனா வாயில வாறது "கொ" எண்டு ஒரே சத்தம். முன்னுக்கு எழுதுற கொம்பு சத்தத்தில பின்னுக்குத் தானே கேக்குது, அதால அவன் க எழுதிட்டுப் பிறகு கொம்பைப் போடுவான். நாங்கள் அவனை மொக்கன் எண்டு குட்டினம், அவன் காதுக்குக் கேட்ட ஒழுங்கில எழுதியிருக்கிறான். ல, ள, ழ மூண்டும் எங்கட வாயில கிட்டக் கிட்ட ஒண்டாத் தான் வருது, அதைக் கேட்டு எழுது எண்டா அந்தப் பிள்ளை எங்க போறது. இது விளங்கின பிறகு நான் அடிக்கிறதை விட்டிட்டன். சுளகில குறுமணல் பரப்பி ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, விரலால, சத்தம் போட்டுச் சொல்லிக் கொண்டு. கொம்புக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் சோக்கட்டியால நிலத்தில. பத்து நிமிசம் தான், அழத் தொடங்கினா அதோட சரி. "கொ" பிடிபட ஒரு மாசம் போச்சு, அதுக்குப் பிறகு "கோ" ரெண்டு நாளில வந்திட்டு.

இனி சோதினை. இது கன பேருக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் பிந்தித் தான் தேடுகினம். புலமைப்பரிசில், ஓ.எல், ஏ.எல் எல்லாத்திலயும் விசேட தேவை உள்ள பிள்ளைக்கு சலுகை கேக்கலாம். கூடுதல் நேரம், பிள்ளை சொல்ல எழுத ஒரு ஆள், பெரிய எழுத்தில வினாத்தாள், கண் தெரியாத பிள்ளைக்கு பிரெயில், எது தேவையோ அதை அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே கேக்க வேணும், டொக்டரின்ர ரிப்போர்ட்டும் வேணும். கிளினிக்கில தேதி எடுக்கிறதே மாசக் கணக்கில போகும், அதால ஓ.எல் எழுதப் போற பிள்ளைக்கு 9ம் வகுப்பிலயே ரிப்போர்ட் வேலையைத் தொடங்கிடுங்கோ. நான் இப்ப அதில தான் நிக்கிறன். தவணைச் சோதினையளிலயும் அதே மாதிரி நேரம் குடுத்துப் பழக்கச் சொல்லி வகுப்பு ரீச்சரிட்டக் கேட்டு வச்சிருக்கிறன், ஏனெண்டா ஒரு நாளும் சொல்லி எழுதிப் பழகாத பிள்ளைக்கு அண்டைக்குத் தெரியாத ஒருத்தரைப் பக்கத்தில இருத்தினா வாய் கட்டிப் போகும்.

காது மெசின், சில்லு நாற்காலி, ஊன்றுகோல் மாதிரிச் சாமானுக்கும் அதே சமூக சேவை உத்தியோகத்தரிட்டத் தான் கேக்க வேணும், வலுவிழந்த ஆக்களுக்கான தேசிய செயலகம் மூலம் வரும். செயற்கைக் கால் தேவையெண்டா யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிலையம் இருக்கு. பிள்ளையைக் கட்டி வைக்கிறது, அடிக்கிறது, வேற விதமாத் துன்புறுத்துறது எங்கயும் கண்டா 1929க்கு எடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர். கதைக்கத் தெரியாத பிள்ளைக்கு நடக்கிறதை அது வந்து சொல்லாது, நாங்கள் தான் பாக்க வேணும்.

முழங்காவில் தங்கச்சி பூநகரி பிரதேச செயலகத்துக்குப் போய் ஃபோம் எடுத்திட்டா. நேற்று கொப்பியின்ர முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினவ, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறா. "தண்ணி வேணுமெண்டா செம்பைத் தூக்கிக் காட்டுறா. ஐஸ்கிரீம் வான் வந்தா மற்றப் பிள்ளையள் ஓடினாப் பிறகு தான் இவ ஓடுறா. பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டன், மூண்டு தரமும் திரும்பேல்லை." மற்ற எல்லாத்துக்கும் முதல் அந்தப் பக்கத்தைக் கொண்டு போய் காதைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறன், துண்டுக்கு நாளைக்கு மிட்வைஃப் அக்காவிட்டப் போறா.