மாரியோ ஏன் திடீரென்று வேகமாக ஓடுகிறான்?

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ டிவி கேம் பெட்டியில் கேசட்டைச் செருகி மாரியோ ஆடியவர்களிடம், அதன் 35ஆம் ஆண்டுக்காக நின்டெண்டோ 2020 நவம்பரில் வெளியிட்ட 'கேம் அண்ட் வாட்ச்' கருவியைக் கொடுத்தால், "ஏல, இது என்ன, வேகமால்லா ஓடுது!" என்பார்கள். வயசாகி விரல் மந்தமாகிவிட்டதோ என்று தோன்றும். அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் ஆட்டம் உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியிருக்கிறது. நாம் அன்று ஆடியதுதான் மெதுவான மாரியோ.

1985இல் ஜப்பானில் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அதற்கென்று தனிக் கடிகாரம் கிடையாது, டிவிதான் கடிகாரம். படக்குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்து முடித்து, மறுபடி மேலே போகும். அந்தச் சின்ன இடைவெளியில், கேம் பெட்டிக்குள் படம் வரையும் சில்லு, செயலிக்கு (ப்ராசஸருக்கு) ஒரு சைகை கொடுக்கும். சைகை வந்தால்தான் மாரியோ ஓர் அடி நகர்வான், காளான் உருளும், பாட்டு ஒரு படி முன்னேறும். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் கை தளர்ந்தால் பாட்டே தளர்ந்துவிடுமே, அப்படித்தான்.

அமெரிக்க, ஜப்பானிய டிவி நொடிக்குச் சுமார் 60 தடவை திரையை வரையும். நம் டிவி 50 தடவை. காரணம் மின்சாரம். டிவி வரையும் வேகமும் மின்சாரத்தின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால், அந்தக் காலத்து டிவிகளில் திரைமேல் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா 60ஐ எடுத்துக்கொண்டது. ஐரோப்பா 50ஐ எடுத்தது, நாமும் அதன் வழியே போனோம். பாபநாசம் அணையின் மின்சாரமானாலும் பணகுடிக் காற்றாலையானாலும் கூடங்குளமானாலும் கம்பியில் வருவது அதே 50தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கட்டத்தில் நேரம் 400இலிருந்து குறையும். ஒவ்வோர் எண்ணுக்கும் 24 சைகை. 60இல் அது 160 நொடி. 50இல் 192 நொடி. அரை நிமிடம் இலவசம்!

பாட்டும் மெதுவாகத்தான் ஓடியது. அப்படியென்றால் குரல் தடித்திருக்க வேண்டாமா, டேப் இழுத்த மாதிரி? இல்லை. தாளத்துக்குத்தான் டிவி பொறுப்பு. சுருதி செயலியின் துடிப்பிலிருந்து வருகிறது. அது நின்டெண்டோவின் ஜப்பான் பெட்டியில் நொடிக்கு 17.9 லட்சம், இங்கே புழங்கிய அதன் நகல் பெட்டிகளில் பெரும்பாலும் 17.7 லட்சம். காதுக்கு வித்தியாசமே தெரியாது.

ஐரோப்பாவில் விற்ற மாரியோவுக்கு நின்டெண்டோவே வேகத்தைத் திருத்திக் கொடுத்தது. நம் ஊர் நகல் கேசட்டுக்கு யார் திருத்துவார்கள்?

புதிய கருவியில் கற்றையும் இல்லை, படக்குழாயும் இல்லை. எமுலேட்டர் என்கிற மென்பொருள் பழைய செயலியாக நடித்து, துடிப்புகளை எண்ணி, 60 கணக்கிலேயே அந்தச் சைகையைக் கொடுக்கிறது. பழைய வேகமே வேண்டும் என்பவர்கள் கணினி எமுலேட்டரில் 'பால்' (PAL) என்கிற ஐரோப்பியப் பெட்டி முறையைத் தேர்ந்தெடுத்தால், அதன் செயலி இன்னும் மெதுவாகத் துடிப்பதால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்று மேலேயே இறங்கிவிடும். ரஷ்ய நகல் பெட்டியின் பெயரில் 'டென்டி' என்று இன்னொரு தேர்வு சில எமுலேட்டர்களில் இருக்கும், அதைப் போடுங்கள்.