கால்நடை உதவியாளரா, செவிலியரா?

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தெருநாய்க்குக் காலில் அடிபட்டால் மஞ்சளும் துணியுமாக ஓடுகிறவள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஓர் அலுவலகத்தின் நோட்டீஸை என்னிடம் காட்டினாள். ‘இங்கிலாந்தில் கால்நடை உதவியாளர் பயிற்சி’ என்று இருந்தது. எட்டிப் பார்த்த அவள் அம்மா, “சாணி அள்ளறதுக்கு லண்டன் போகணுமா?” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெட்டர்னரி நர்ஸ் என்பதைத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். டிவி சப்டைட்டிலிலும் இதே கூத்துதான்.

வெட்டர்னரி என்பது பாரம் இழுக்கும் மாடு, குதிரைகளைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் ‘கால்நடை’ பொருத்தம்தான். கிளிக்கும் பூனைக்கும் ஒட்டவில்லையே என்பார்கள். மூலச்சொல்லிலும் அவை இல்லை. நர்ஸ் என்பதன் வேர் பாலூட்டி வளர்ப்பது. நம் செவிலியும் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய். இரண்டு சொல்லும் ஒரே வழியில் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கின்றன. இவ்வளவு கச்சிதமான ஜோடி கையில் இருக்க, ‘உதவியாளர்’ எதற்கு?

‘எளிமையாக இருக்கிறது’ என்கிறார்கள். எளிமைதான், ஆனால் தப்பு. நம் கால்நடை பராமரிப்புத் துறையில் ‘கால்நடை பராமரிப்பு உதவியாளர்’ என்று ஏற்கெனவே ஒரு பணியிடம் உண்டு. மிரளும் மாட்டைப் பிடித்து நிறுத்த அவர்கள் இல்லாமல் டாக்டர் கையே வைக்க முடியாது. இழிவான வேலை என்று சொல்லவில்லை, வேறு வேலை. இங்கிலாந்துச் செவிலியர் இரண்டு மூன்று வருடம் படித்து, கிளினிக்கில் பயிற்சி முடித்து, பெயரைப் பதிவு செய்துகொள்கிறவர். மயக்க மருந்து கொடுத்த நாயின் மூச்சையும் நாடித்துடிப்பையும் கண்காணிப்பார், எக்ஸ்ரே எடுப்பார், ரத்தம் பரிசோதிப்பார். மருத்துவர் சொன்னால் சின்ன அறுவை சிகிச்சைகூடச் செய்யலாம், வயிறு, நெஞ்சுக்குள் போகிற அறுவைக்கு மட்டும் அனுமதி கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1961-இல் அங்கே இந்தப் பயிற்சி தொடங்கியபோது நர்ஸ் என்ற பட்டத்தைத் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை; அது மனிதருக்குப் பணி செய்கிறவர்களுக்கே உரியதாம். ‘விலங்குச் செவிலித் துணையாள்’ என்கிற மாதிரிப் பெயரோடுதான் காலம் தள்ளினார்கள். 1984-இல்தான் நர்ஸ் ஆனார்கள். அவர்கள் 23 வருடம் கழித்து உதறிய ‘துணையாளை’ நம் ஆட்கள் தேடி எடுத்துச் சூட்டுகிறார்கள்.

‘விலங்குநலச் செவிலியர்’ என்றும் ஒன்று பார்த்தேன். ‘விலங்குநலம்’ என்றால் தெருநாயைக் காப்பாற்றும் அமைப்புதான் நினைவுக்கு வரும். வேண்டாம். கால்நடை மருத்துவர் உண்டு என்றால் கால்நடை மருத்துவச் செவிலியரும் உண்டு. நீளம்தான், இருக்கட்டும். நடுவில் உள்ள ‘ச்’சை மட்டும் தயவுசெய்து விழுங்காதீர்கள்.

நோட்டீஸில் ‘உதவியாளரை’ அடித்துவிட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அம்மா வாங்கிப் படித்தார்.

“ஓ, நர்ஸா! ஃபீஸ் எவ்வளவாம்?”