கடல்நீரை விட்டுவிட்டுச் சிப்பியை அறுப்பது ஏன்?

“கடலில் உலோக மாசு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் நீர் போதாதா?” என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். போதாது. காட்மியம் போன்றவை கடல்நீரில் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். பாட்டிலில் ஒட்டிய தூசியே அளவீட்டைக் கெடுத்துவிடும். போதாக்குறைக்கு, காலையில் மொண்ட நீர் மாலையில் அங்கே இருக்காது.

பாறையில் ஒட்டிய மஸல் சிப்பி எங்கும் போகாது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரைச் செவுளால் வடிகட்டும். கரைந்த உலோகம் செவுள் வழியாகவும், துகளில் ஒட்டியது உணவோடும் உள்ளே வரும்.

வேடிக்கை இனிமேல்தான். காட்மியம் அயனியின் பருமன் கிட்டத்தட்ட கால்சியத்தின் பருமனே. அதனால் கால்சியத்துக்கான வழியிலேயே செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. அதைப் பிடிக்க மெட்டலோதயோனீன் என்ற சிறு புரதம் உற்பத்தியாகிறது. அதில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். அந்தக் கந்தகங்கள் உலோகத்தை இறுகப் பற்றும். உலோகம் கூடக் கூடப் புரதமும் கூடும். புரதம் பழசாகிச் சிதைந்தாலும் காட்மியம் எளிதில் வெளியேறுவதில்லை. விடுபட்டதைப் புதுப் புரதம் பற்றிக்கொள்ளும். சிப்பியின் உடலில் பல மாதக் கணக்கு தேங்கி நிற்பது இப்படித்தான்.

எல்லா உலோகத்துக்கும் மஸல் சரிப்படாது. துத்தநாகத்தை அது ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். துத்தநாகம், செம்புக்கு ஆளிச் சிப்பியே மேல்.

ஒரே நீளமுள்ள சிப்பிகளையே எடுக்க வேண்டும். 5 முதல் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமான கடல்நீரில் ஒரு நாளாவது விட்டு வைத்தால் குடலிலுள்ள சேறு வெளியேறும். இல்லாவிட்டால் சேற்றின் இரும்பும் ஈயமும் சதையின் கணக்கில் சேர்ந்துவிடும். எவர்சில்வர் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் கலக்கக்கூடும். பீங்கான் கத்தி நல்லது. பிறகு உலர்த்தி, பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். அளவு தெரிந்த சான்றுப் பொடி ஒன்றையும் கூடவே அளக்காவிட்டால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. முட்டையும் விந்தும் வெளியிட்டதும் சதை எடை குறையும். உலோகம் அவ்வளவு குறையாததால், கடல் மாறாமலே செறிவு ஏறித் தெரியும். அதனால் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டும். இன்னொன்று ஆற்று முகத்துவாரம். கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடோடு பிணைந்திருக்கும். உப்பு குறைந்தால் பிணைப்பு தளரும், சிப்பி அதிகம் உறிஞ்சும்.

சிப்பிகளைக் கொண்டு கடல் மாசைக் கண்காணிக்கலாம் என்று 1975இல் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் முன்வைத்த யோசனையை அமெரிக்கா 1986 முதல் தேசியத் திட்டமாக நடத்துகிறது. கருவி வாங்கக் கிடைக்கும் நிதி, வருடாவருடம் அதே பாறைக்குப் போய்வரக் கிடைப்பது அரிது. எனக்கோ பின்னதுதான் முக்கியம்.

சிப்பியே இல்லாத கரையில், சுத்தமான இடத்துச் சிப்பிகளை வலைப்பையில் இட்டு இரண்டு மூன்று மாதம் தொங்கவிடலாம். தொங்கவிடும் அன்றே அதே கூட்டத்தில் கொஞ்சத்தை உறையவைக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு ஏறியது என்று சொல்ல வழியில்லை.