கல வளர்ப்பு இறைச்சி

'கல்ச்சர்ட் மீட்' என்றதும் எங்கள் இலங்கை மலையகத்தில் பலருக்குச் சோயா மீட் ஞாபகம்தான் வரும். வெந்நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, தூள் போட்டுப் பிரட்டினால் தோட்டத்து லயன் வீடுகள் முழுக்க மணக்கும் அந்தக் கறிக்கும் இதற்கும் உறவில்லை. சோயா ஒரு பயறு. இதுவோ மாட்டின், கோழியின் தசையேதான். விலங்கை வெட்டாமல் வளர்த்தெடுத்த தசை. இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

'கல்ச்சர்' என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே 'கொலெரே' என்றால் உழுதல், பேணி வளர்த்தல். அதில் பிறந்த 'குல்த்தூரா' முதலில் நிலத்தைப் பண்படுத்துவதைத்தான் குறித்தது. மனதைப் பண்படுத்தும் பொருள் பிறகு சேர்ந்தது. ஆய்வுகூடத்தில் கலங்களை, அதாவது உயிரணுக்களை, வளர்க்கும் பொருள் அதற்கும் பிறகு வந்தது. அதனால் இதைக் 'கலாசார இறைச்சி' என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். எங்கள் உயிரியல் பாடத்தில் 'இழைய வளர்ப்பு' ஏற்கெனவே பழகிய சொல். இங்கேயும் 'வளர்ப்பு'தான் பொருந்தும்.

'செயற்கை இறைச்சி' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான வீ.பீ. தேயிலையை, அதாவது விதையில்லாமல் தண்டிலிருந்து வளர்க்கும் தேயிலையை, எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச்செடியிலிருந்து ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, விரல் நுனியளவு தண்டு. அவ்வளவையும் நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் வைத்து நீர் தெளிக்கிறார்கள். விதையே இல்லாமல் முழுச்செடி வருகிறது. அதை யாராவது செயற்கைத் தேயிலை என்கிறோமா? கொழுந்து கொழுந்துதானே.

இறைச்சியும் அப்படியே. விலங்கின் தசையில் ஒரு துளி எடுத்து, அதிலுள்ள கலங்களைச் சத்து நீரில், உடற்சூட்டில் வைத்தால் அவை பிரிந்து பெருகி நார்களாகும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்து மார்க் போஸ்ட் 2013இல் இலண்டனில் படைத்த மாட்டிறைச்சி பர்கருக்கு ஏறத்தாழ 20,000 நார்கள் தேவைப்பட்டன. செலவு சுமார் 2,50,000 யூரோ. அப்புறம் 2020இல் சிங்கப்பூர் இப்படி வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது. 2023இல் இத்தாலி தடை செய்தது. மேய்ச்சல் நிலம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் கலங்கள் வளரும் தொட்டியைச் சூடாக வைத்திருக்க மின்சாரம் நிறைய வேண்டும். அது நிலக்கரியில் வந்தால் சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் நன்மை சுருங்கிவிடும். தொடக்கத்தில் சத்து நீரில், வெட்டிய பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் குருதிநீரைக் கலந்ததையும் மறைக்கக் கூடாது. அதைத் தவிர்த்தால்தான் 'வெட்டாமல்' என்ற சொல்லுக்கு நியாயம் கிடைக்கும்.

சரி, 'வளர்ப்பு இறைச்சி' என்றே விட்டுவிடலாமா? கூடாது. வளர்ப்புக் கோழி, வளர்ப்பு மீன் என்று பேசிப் பழகியவர்களுக்கு அது பண்ணை இறைச்சியாகத்தான் படும். முன்னால் 'கல' வேண்டும். எங்கள் பாடநூல்களில் உயிரின் நுண்ணறையைக் கலம் என்கிறோம். பழந்தமிழில் கலம் என்றால் பாத்திரம். இந்த இறைச்சி கலத்திலிருந்து பிறந்து கலத்திலேயே வளர்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது மட்டும் 'உயிரணு வளர்ப்பு இறைச்சி' என்று மாற்றிக்கொள்கிறேன்.